தஞ்சை இரகுநாத நாயக்கரும் தரங்கைக் கோட்டையும்

மதில் என்பது கல்லும் சுண்ணமும் சேர்ந்த வெறுஞ்சுவர் அன்று. ஒரு நிலத்தின்மீது ஒருவர்க்குள்ள உரிமையை ஊரறிய உரைப்பதும் அதுவேயாம். குடியானவன் தன் மனையைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் அதனை வேந்தன் வினவுவதில்லை. அச்சுவரின்மேல் ஞாயில் எடுத்து, அம்பெய்தற்குப் புழையும் அமைப்பானாயின், அப்பொழுதே அது வேந்தன் காரியம் ஆகிவிடுகின்றது. இடைக்கால இங்கிலாந்தில் துறவியர் உறைந்த மடங்களும் இவ்விதிக்கு விலக்காகவில்லை. செபமும் தவமுமே தொழிலாகக் கொண்ட அத்துறவியரும், தம் மடத்து மதிலை அரணாக்க விரும்பின், அரசனை வேண்டி இசைவோலை பெறுவதே வழக்கமாயிருந்தது. ஸ்காத்துலாந்துப் போர் மூண்ட 1296ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னன் டைன்மவுத் மடத்தார்க்கும், பிரெஞ்சுக்காரர் தென்கரையைத் தாக்கத் தொடங்கிய 1338ஆம் ஆண்டில் மூன்றாம் எட்வர்டு மன்னன் பேட்டில் மடத்தார்க்கும் இத்தகைய இசைவை அளித்தனர். மதில் மடத்தாருடையதாயினும் மண் மன்னனுடையது என்பதே அவ்வோலையின் உட்பொருள்.

நம் தமிழகத்திலும் இத்தகைய இசைவு வழங்கப்பெற்றதுண்டு. முதலாம் இராசராச சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் நாகப்பட்டினத்திற் சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளியை எடுத்தபொழுது, சோழன் அதற்கு உடன்பட்டதோடு ஆனைமங்கலம் என்னும் ஊரையும் அப்பள்ளிக்கு அளித்தான். ஆறு நூற்றாண்டுகள் கழிந்தபின், அதே தஞ்சையில் வீற்றிருந்த மற்றொரு மன்னர், அதே கடற்கரையில், வேறொரு நாட்டார்க்கு வேறொரு வகை இசைவை அளித்தார். அது பள்ளிக்கு அன்று, கோட்டைக்கு. அம்மன்னரே இரகுநாத நாயக்கர். அவர் வரலாற்றையும், அவ்விசைவால் விளைந்த நன்மை தீமைகளையும் ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

குடிவரவு

தஞ்சை நாயக்கர் குடியின் வரலாறு வடஆர்க்காட்டு மண்ணிலே தொடங்குகின்றது. யான் பிறந்த ஆரணியையும் அதன் அயலூர்களையும் சார்ந்தோர்க்கு இஃது ஓர் இனிய செய்தியன்றோ! விசயநகரப் பேரரசின்கீழ்த் திம்மப்ப நாயக்கர் என்பார் நெடுங்குன்றத்தில் தங்கி அப்பகுதியை ஆண்டுவந்தார். சேத்துப்பட்டை அடுத்து, பெரியதோர் இராமர் கோயிலோடு விளங்கும் நெடுங்குணமே அவ்வூராம். திம்மப்பருடைய மைந்தர் செவ்வப்ப நாயக்கர். பேரரசர் அச்சுததேவராயரின் பட்டத்தரசி திருமலாம்பையின் தங்கையாகிய மூர்த்திமாம்பையை அவர் மணந்தார். இவ்வுறவாலும் தம் ஆற்றலாலும் சற்றேறக்குறைய 1532ஆம் ஆண்டில் தஞ்சையின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. தஞ்சையிற் செவ்வப்பனேரி என்னும் நீர்நிலை இன்றும் அவர் பெயரை நினைவூட்டுகின்றது.

செவ்வப்பர்க்குப்பின் அவர் மைந்தர் அச்சுதப்ப நாயக்கர் நெடுங்காலம் நாடாண்டார். இவ்விருவர்க்கும் அமைச்சராயிருந்தவர் கோவிந்த தீட்சிதர் என்னும் பேரறிஞர். கும்பகோணத்து மகாமகக் குளத்தைச் சூழ்ந்துள்ள பதினாறு மண்டபங்களும் அவருடைய திருப்பணி என்பர். பாட்டன் தேடிய நாட்டையும், தந்தை காத்த செல்வத்தையும், இவ்வமைச்சருடைய அறிவையும் ஒருங்கே பெற்று வளர்ந்தவர் அச்சுதப்பரின் மைந்தராகிய இரகுநாதர்.

இளமையும் முடிபுனைதலும்

இரகுநாதர் இளமையிலேயே படைக்கலப் பயிற்சியும் இலக்கியப் பயிற்சியும் ஒருங்கே பெற்றார். விசயநகரப் பேரரசு தலைக்கோட்டைப் போருக்குப்பின் தளர்ந்து, பெனுகொண்டாவிலிருந்து சந்திரகிரிக்கும் பின்னர் வேலூர்க்கும் தன் தலைநகரை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. வேங்கடபதி தேவராயர் அப்போது பேரரசர். கோல்கொண்டாப் படை பெனுகொண்டாவை நெருக்கியபொழுது, தஞ்சை இளவரசர் தம் படையுடன் சென்று பேரரசர்க்குத் துணை நின்றார் என அவர் அவைக்களப் புலவர் பாடியுள்ளனர். அக்காலத்திற் பேரரசரின் சினத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டிருந்த செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பரையும், இரகுநாதர் பரிந்துபேசி விடுவித்தார். நன்றி மறவாத செஞ்சி மன்னர் தம் மகளை அவர்க்கு மணம் செய்து கொடுத்தார். ஆரணிச் சீமை அக்காலத்திற் செஞ்சியின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தமையின், இம்மணச் செய்தி எம் பகுதியினரும் மகிழ்தற்குரியதாயிருந்திருக்கும்.

1600ஆம் ஆண்டையொட்டி இரகுநாதர் முடிசூடினார். முதிய தந்தை ஆட்சிப் பொறுப்பை மைந்தர்பால் விடுத்துத் திருவரங்கம் சென்று இறைவழிபாட்டிற் காலங் கழித்தார். தாம் உயிரோடிருக்கும்பொழுதே அரியணையை மைந்தர்க்கு மனமுவந்து அளிக்கும் தந்தையர் அரச குடிகளில் அரியர். அப்பேறு இரகுநாதர்க்கு வாய்த்தது.

தோப்பூர்ப் போர்

1614ஆம் ஆண்டில் வேங்கடபதி தேவராயர் இறந்தார். அவர் தமக்குப்பின் அரசராகுமாறு குறித்துச் சென்றவர் ஸ்ரீரங்கர். அரசியின் உடன்பிறந்தானாகிய சக்கராயன் என்பான் ஸ்ரீரங்கரையும் அவர் மனைவி மக்களையும் வேலூரிற் சிறையிட்டுப் பின்னர்க் கொலைசெய்வித்தான். அக்கொடுமையினின்றும் இராமதேவன் என்னும் ஓர் இளஞ்சிறுவன் மட்டுமே தப்பினான். எச்சமநாயக்கர் என்னும் தலைவருடைய சூழ்ச்சியால், வண்ணான் ஒருவன் அச்சிறுவனை அழுக்குத் துணி மூட்டையில் மறைத்துக் கோட்டைக்கு வெளியே கொணர்ந்தான் என்பர். பேரரசின் எதிர்காலமே ஓர் ஏழைத் தொழிலாளியின் தோளின்மேற் சென்றது!

இராமதேவனே உரிய அரசன் என எச்சமர் போராடினார். மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் சக்கராயன் பக்கம் சேர்ந்தனர். போர்த்துக்கேயரும் அப்பக்கமே சாய்ந்தனர். தஞ்சை இரகுநாதர் ஒருவரே அநாதைச் சிறுவனுக்குத் துணையாய் எழுந்தார். மாமன் முறையாகும் செஞ்சியும், எல்லை அயலாகிய மதுரையும் எதிர்ப்பக்கம் நிற்க, தோற்ற பக்கம் என்று தோன்றியதன் சார்பில் நிற்பது எளிய செயலன்று. சக்கராயன் காவிரிக் கரையைச் சார்ந்து படையிறக்கி, கல்லணையையும் உடைத்தான் எனக் காவியங்கள் கூறும். 1616ஆம் ஆண்டின் இறுதியையொட்டித் தோப்பூரிற் பெரும்போர் நிகழ்ந்தது. சக்கராயன் களத்தில் வீழ்ந்தான். அவன் துணைவர் சிதறினர். வெற்றிபெற்ற இரகுநாதர் இராமதேவனுக்குக் கும்பகோணத்தில் முடிசூட்டினார். உடைந்த அணையையும் செப்பஞ்செய்தார். வேந்தனை அரியணையில் ஏற்றியதினும், அணையைச் செப்பஞ்செய்ததே உழவர் வாழ்த்துக்குரிய செயல் எனலாம்.

கடலிலே எழுந்த இடர்

தரையில் வென்றவர்க்குக் கடலில் இடர் காத்திருந்தது. கொள்ளிடம் கடலொடு கலக்குமிடத்தில் தேவிகோட்டைத் தீவைத் தன் அரணாகக் கொண்ட சோழகன் என்னும் தலைவன், அயலார்க்குக் கொடுமை பல புரிந்துவந்தான். இரகுநாதர் அவனை வென்றடக்கினார். ஆயினும் நாகப்பட்டினத்திலிருந்த போர்த்துக்கேயரை அவ்வாறு அடக்க இயலவில்லை.

போர்த்துக்கேயர் கடல் முழுதும் தமது என்றனர். எக்கலமாயினும் அவர்களிடம் கடவுச்சீட்டுப் பெற்றே செல்லவேண்டும். பெறாத கலம் கொள்ளையிடப்படும். தம் துறைமுகத்திலிருந்து தம் குடிகளின் கலம் புறப்படுதற்கு அயலானொருவனிடம் இசைவு கேட்கவேண்டிய நிலை ஒரு மன்னர்க்கு எத்துணை இழிவு! 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசும் போர்த்துக்கேயர் கைப்பட்டது. சங்கிலி மன்னனுக்குத் துணையாக இரகுநாதர் படையனுப்பினார். அப்படையெடுப்பை அவர் அவைப் புலவர் வெற்றி என்றே பாடினர், யாழ்ப்பாணமோ மீளவில்லை. பாட்டுக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே உள்ள இவ்வேறுபாட்டை வரலாறு கற்போர் மனத்திற் கொள்ளவேண்டும். தஞ்சையிடம் யானையும் குதிரையும் காலாளும் இருந்தன. பீரங்கி தாங்கிய கப்பல் இல்லை. இக்குறையே அடுத்து நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் மூலமாயிற்று.

டேனியர் வரவு

இந்நிலையில், வட ஐரோப்பாவில் டென்மார்க்கு நாட்டை ஆண்ட நான்காம் கிறிஸ்தியான் மன்னன் 1616ஆம் ஆண்டில் கிழக்கிந்திய வணிகக் கழகம் ஒன்றை நிறுவ இசைவளித்தான். இலங்கையிற் கண்டி மன்னன் சேனரதன் போர்த்துக்கேயரை எதிர்க்கத் துணை வேண்டுகின்றான் என்று போஷோவர் என்னும் ஒல்லாந்தர் டென்மார்க்கு அரசவையில் எடுத்துரைத்தார். அதனை நம்பி 1618ஆம் ஆண்டிற் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. தலைவராய் அமர்ந்தவர் ஓவே கெத்தே. வயது இருபத்தைந்தும் நிரம்பாதவர். போஷோவர் வழியிலேயே இறந்தார். 1620ஆம் ஆண்டில் கெத்தே இலங்கையை அடைந்தபொழுது, கண்டி மன்னனோடு எண்ணிய உடன்படிக்கை கைகூடவில்லை.

முன்னதாகவே வந்துவிட்ட ஓரேசுந்து என்னும் கப்பலின் கதி இன்னும் இரங்கத்தக்கது. ரோலண்டு கிராப்பே என்பவர் செலுத்திவந்த அக்கலத்தை 1619ஆம் ஆண்டிற் காரைக்கால் அருகே போர்த்துக்கேயர் அழித்தனர். மாலுமிகளிற் பெரும்பாலோர் மாண்டனர். கிராப்பேயும் சிலரும் கரையேறித் தஞ்சை மன்னரிடம் அடைக்கலம் புகுந்தனர். கப்பலும் பொருளும் இழந்து, ஊரும் மொழியும் அறியாது வந்து நின்ற அவர்களை இரகுநாதர் புறக்கணிக்கவில்லை. தம் பகைவரால் அழிக்கப்பட்டவர் தமக்கு நண்பராதல் கூடும் என்று அவர் எண்ணினார் போலும். கெத்தேயின் கப்பல்கள் தஞ்சைக் கரைக்கு வந்தபொழுது இருதிறத்தார்க்கும் இடையே பேச்சு நிகழ்தற்கு இதுவே வழியாயிற்று.

இசைவோலை

1620ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் உடன்படிக்கை முடிந்தது. தரங்கம்பாடி என்னும் கடற்கரையூரில் டேனியர் கோட்டை கட்டி வாணிகம் நடத்துதற்கு இரகுநாதர் இசைந்தார். அவ்வூரில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடலலை மோதும் கரையில் முன்னமே நின்றது. நிலத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் டேனியர் இறை செலுத்தவேண்டும். அத்தொகை ரூபாய் 3,111 என்பர். டென்மார்க்கு மன்னனுக்கு இரகுநாதர் பொன் ஏட்டில் எழுதுவித்து விடுத்த திருமுகம் கோபன்ஹேகன் ஆவணக் களரியில் இன்றளவும் காக்கப்பட்டு வருகின்றது.

அத்திருமுகத்தைப்பற்றி ஒன்று நாம் சிறப்பாக நினைத்தற்குரியது. இரகுநாதர் வீட்டிற் பேசிய மொழி தெலுங்கு. அவையிற் போற்றிய மொழிகள் தெலுங்கும் வடமொழியும். ஆயினும் கடல்கடந்த வேந்தனுக்கு அப்பொன்னேட்டில் எழுதப்பட்ட மொழி தமிழே. தாம் ஆளும் நாட்டின் மொழி எதுவோ அதுவே அந்நாட்டின் குரல் என்று அம்மன்னரோ அவர் அவையினரோ கருதினர் எனின், அது தமிழர் உவத்தற்குரிய கருத்தேயாம்.

இசைவு ஏன் கொடுத்தார்? வேற்று நாட்டானுக்குத் தன் கரையில் மதிலெடுக்க இடங்கொடுத்தல் அறிவுடைமையோ என்று நாம் வினவுகின்றோம். அவர் கருத்தை அறிதற்கு நெசவாளர் தெருவின் வழக்கு ஒன்று துணைபுரியும். இன்று பட்டுக்குப் பெயர்போன ஆரணி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்லிய மஸ்லின் துணிக்கும் பெயர்பெற்றிருந்தது. தறியில் அமர்ந்தவன் தான் நெய்தது எக்கரையில் விலைப்படும் என்பதை அறியான். ஆனால் தன் வாயிலில் வாங்குவோன் ஒருவனே வந்தால், விலை அவன் சொன்னதே என்பதை அறிவான். இருவர் வந்து கேட்டால் விலை ஏறும் என்பதையும் அறிவான். சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியர் விரும்பிய சரக்குகளில் தலையாயது துணி. நாகப்பட்டினத்திற் போர்த்துக்கேயர் ஒருவரே வலிமையுடன் நின்றவரையில், சந்தை அவர் கையில். தரங்கம்பாடியில் மற்றொரு வணிகன் அமர்ந்தால் குடிகளுக்கு விலையும், மன்னர்க்குச் சுங்கமும், கடலில் ஒரு துணையும் கிட்டும்.

இன்னொன்றும் உண்டு. கடலிற் செல்லுதற்கு இசைவு தருவோர் நாமே என்று போர்த்துக்கேயர் தருக்கினர். தரையிற் கால் வைத்தற்கு இசைவு தருவோன் யான் என்று இரகுநாதர் விடையிறுத்தார். அவர் வாள் கப்பலை எட்டவில்லை. அவர் ஓலை எட்டியது.

கோட்டையின் அமைப்பு

டேனியர் எடுத்த அரணுக்கு டான்ஸ்போர்க் என்று பெயர். கீழ்த்திசையிற் கடலே காவல். ஏனைத் திசைகளில் அகழி. உள்ளே கீழ்நிலையிற் பண்டசாலையும் மருந்தறையும் சிறைக்கூடமும், மேல்நிலையில் தலைவரின் உறைவிடமும் அமைந்தன. கெத்தே தாய்நாடு திரும்பியபின், அடைக்கலம் புகுந்த அந்தக் கிராப்பேயே கோட்டைக்குத் தலைவராகிப் பல்லாண்டு அதனை நடத்தினார்.

இரகுநாதர்க்குப்பின் ஒருகாலத்தில் டென்மார்க்கிலிருந்து முப்பதாண்டளவு கப்பலே வரவில்லை. உடனிருந்தோர் ஒருவர்பின் ஒருவராய் மடிய, கோங்ஸ்பாக்கே என்னும் எழுத்தறியாத எளியவர் ஒருவர், 1655ஆம் ஆண்டு முதல் 1669ஆம் ஆண்டில் உதவிக் கப்பல் வரும் வரையில், உள்ளூர் மக்களின் துணைகொண்டே அக்கோட்டையைக் காத்தார். இறை செலுத்தாமை கண்டு தஞ்சைப் படை வந்து நெருக்கியதும் அக்காலத்திலேயாம். ஊரைச் சுற்றி மதிலெழுப்பி அவர் அதனைத் தடுத்தார். இசைவு பெற்று எழுந்த மதிலே இசைவளித்தோர் படையைத் தடுத்து நின்றது. அரசர் ஓலை எழுதும்பொழுது பின்வரும் நாளையும் நினைத்து எழுதவேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கலைக்கோயில்

இரகுநாதரைப் போர் மன்னராக மட்டும் காண்பது பாதியே காண்பதாம். அவர் தாமே தெலுங்கில் வால்மீகி சரித்திரம், இராமாயணம் முதலிய நூல்கள் இயற்றினார். சங்கீத சுதை என்னும் இசை நூலும் அவர் பெயரால் வழங்குகின்றது. இருபத்துநான்கு மெட்டுகளும் நிலையாகப் பதித்த வீணை அவர் காலத்தே உருப்பெற்றது என்பர். இன்று நாடெங்கும் தஞ்சாவூர் வீணை என்று போற்றப்படுவது அதுவே.

அவர் அவையிற் புலமைக்கு ஆண் பெண் வேற்றுமை இருந்ததில்லை. இராமபத்திராம்பை என்னும் அம்மையார் மன்னர் வரலாற்றை வடமொழியில் இரகுநாதாப்யுதயம் எனக் காவியமாக்கினார். மதுரவாணி என்பார் மன்னரின் தெலுங்கு இராமாயணத்தை வடமொழியில் யாத்தார். சேமகூர வேங்கடகவியின் விசயவிலாசம் தெலுங்கிலக்கியத்தில் இன்றும் மதிக்கப்படுவது. பெண்கல்வி குறித்துப் பிற்காலத்தில் எத்தனையோ வாதங்கள் எழுந்த நாட்டில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெண்டிர் காவியம் பாடி அரங்கேற்றிய அவை ஒன்று இருந்தது என்பது நம் நெஞ்சை நிமிரச் செய்வதன்றோ?

கும்பகோணத்து இராமசாமி கோயில் அவர் திருப்பணிகளுட் சிறந்தது. தூண்தோறும் செதுக்கிய சிற்பத்தைக் காண்போர், நெடுங்குன்றத்து இராமபத்தி காவிரிக் கரையிற் கல்லாய்ப் பூத்ததோ என வியப்பர். நாயக்கர் அரண்மனையில் தொகுத்த ஏட்டுச் சுவடிகளே பின்னர் மராட்டியர் காலத்தில் வளர்ந்து, சரசுவதி மகால் நூல்நிலையம் எனத் தழைத்தன.

இத்துணைப் பெருமைக்கும் நடுவே ஒரு குறையைத் தமிழ் மாணவர் மறைத்தல் தகாது. தமிழ்நாட்டின் நெல்லும் நீரும் வளர்த்த அவ்வவையில் தெலுங்குக்கும் வடமொழிக்கும் கிட்டிய ஆதரவு தமிழுக்குக் கிட்டவில்லை. பொன்னேட்டில் இடம்பெற்ற தமிழ், புலவர் வரிசையில் அத்துணை இடம் பெறவில்லை.

மறைவும் பின் நிகழ்ந்தனவும்

1634ஆம் ஆண்டையொட்டி இரகுநாதர் மறைந்தார். அவர் மைந்தர் விசயராகவர் ஏறக்குறைய நாற்பதாண்டு ஆண்டார். 1658ஆம் ஆண்டில் நாகப்பட்டினம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1673ஆம் ஆண்டில் மதுரைச் சொக்கநாத நாயக்கர் தஞ்சைமேற் படையெடுத்தார். முதிய விசயராகவர் போரில் மாண்டார். சில ஆண்டுகளுள் மராட்டிய ஏகோசி தஞ்சையைக் கைக்கொண்டார். நாயக்கர் குடி மறைந்தது. அவர் இசைவால் எழுந்த கோட்டையோ நின்றது.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கு, புளூச்சோ என்னும் இரு செருமானியக் குருமார் தரங்கம்பாடியில் இறங்கினர். டென்மார்க்கு மன்னன் விடுத்த இவர்களை அவ்வூர் டேனிய அதிகாரிகளே விரும்பவில்லை. தலைவனுடன் ஏற்பட்ட மாறுபாட்டாற் சீகன்பால்கு நான்கு திங்கள் டான்ஸ்போர்க் கோட்டையிலேயே சிறையிருந்தார். விடுபட்டபின் அவர் அச்சுப்பொறி வருவித்தார். 1715ஆம் ஆண்டிற் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சேறி வெளிவந்தது. எவ்வணிகனும் எண்ணாத விளைவு இது. மிளகுக்கும் துணிக்கும் எனக் கட்டிய கோட்டையின் நிழலில், ஏட்டிலிருந்த தமிழ் தாளிற் பதியலாயிற்று. நாம் இன்று கையிலேந்தும் அச்சு நூல்களின் வரலாற்றில் அவ்வூர்க்கு அழியாத இடம் உண்டு.

1845ஆம் ஆண்டில் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டு நீங்கினர். கோட்டை இன்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் காப்பில் அருங்காட்சியகமாய் விளங்குகின்றது.

தீர்ப்பு

இரகுநாதர் அளித்த இசைவு தவறோ, தகவோ? ஐரோப்பியர்க்குக் கதவைத் திறந்தவர் என்று அவரைப் பழிப்போர் உளர். 1639ஆம் ஆண்டில் வந்தவாசியை ஆண்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் சென்னையில் ஆங்கிலேயர்க்குக் கோட்டை கட்ட இடம் அளித்ததையும் இதனோடு சேர்த்து நினைப்பர். பின்னாளில் நாடு அடிமைப்பட்டதை அறிந்த நமக்கு அப்பழி பொருத்தமாகத் தோன்றும். ஆயினும் நீதிபதி, குற்றஞ்சாட்டப்பட்டவன் அறிந்திருக்கக் கூடியதைக்கொண்டே தீர்ப்புரைத்தல் வேண்டும்.

இரகுநாதரிடம் வந்தவர் கேட்டுப் பெற்றனர். இறை செலுத்த உடன்பட்டனர். 1749ஆம் ஆண்டில் ஆங்கிலேயர், சோழகனை இரகுநாதர் அடக்கிய அதே தேவிகோட்டையைப் பீரங்கியாற் பிடித்தனர். மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் பின்னரே அதனை விட்டுக்கொடுத்தார். அப்போரிற் பெயரெடுத்த கிளைவு என்னும் இளைஞரே ஈராண்டு கழித்து, 1751ஆம் ஆண்டு திசம்பரில், எம் ஆரணியிலும் போர் வென்றார். தேவிகோட்டையில் அடித்துப் பிடித்தபின் இசைவு. தரங்கம்பாடியில் இசைவு பெற்றபின் மதில். இவ்விரண்டுக்கும் இடையே கழிந்த நூற்றிருபத்தொன்பது ஆண்டுகளில் தஞ்சையின் கைவலி எவ்வளவு குன்றியது என்பதை இம்முறை மாற்றமே காட்டும். டைன்மவுத் துறவியர் எட்வர்டு மன்னனைக் கேட்டதும், டேனியர் இரகுநாதரைக் கேட்டதும், கேட்கப்படுவோர் வலியர் என்பதாலேயே. கேட்கப்படும் நிலையை இழந்த நாளே அரசு இழந்த நாள்.

நாயக்கர் குடியை அழித்தது டேனியக் கோட்டையன்று, மதுரைப் படை. ஒரே மொழி பேசி, ஒரே பேரரசின் கிளைகளாய்த் தழைத்த தஞ்சையும் மதுரையும் செஞ்சியும் தம்முள் மோதி மெலிந்தன. தோப்பூரிற் கண்ட பகையே 1673ஆம் ஆண்டிலும் கண்டோம். ஆதலின் கதவைத் திறந்த பழி இரகுநாதர்க்கு முழுதும் உரியதன்று. அவர்க்குரிய குறை வேறு. கடலில் ஒரு பகைவனை விலக்க மற்றொரு வெளியானை நாடிய அவர், தாமே கப்பற்படை அமைக்க முனையவில்லை. பிறர் கலத்தை நம்பி வாழும் நாட்டுக்குப் பிறர் மதிலையும் பொறுக்கவேண்டி வரும்.

அநாதைச் சிறுவனுக்கு அரியணை தந்தவர். உடைந்த அணையை எடுப்பித்தவர். கரையொதுங்கிய மாலுமிக்கு அடைக்கலம் தந்தவர். பெண்டிர் புலமையை அவையேற்றியவர். தமிழிற் பொன்னோலை விடுத்தவர். இத்துணை நலனும் ஒருவர்பால் அமைதல் அரிது. தரங்கம்பாடிக் கோட்டையைக் காணச் செல்லும் மாணவர் அதனை டேனியர் பெருமையாக மட்டும் கண்டு திரும்பாதிருப்பாராக. அக்கல்லெல்லாம் ஓர் ஓலையின்மேல் எழுந்தவை. அவ்வோலையில் எழுதிய மொழி நம்முடையது. அதனை விடுத்த குடியின் வேர் நெடுங்குன்றத்தில் உள்ளது. இதனை நினைந்து நம் நாட்டு வரலாற்றை நாமே ஆராய்ந்து எழுத முற்படுவோமாக.